வலிக்காத கண்

காலை எட்டரை மணி. கொங்கு நாட்டு நகரமொன்றின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கண் பிரிவின் வெளித் தாழ்வாரம். சுவரோரம் நீளமான மரப் பெஞ்சு. அதில் 11 பேர்.

ஒரு சிறுவன் தாயின் தோளில் முகம் புதைத்திருக்கிறான். கரும்புத் தோகை கீறிய கண்ணோடு ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கண்ணீர் சொட்டுச் சொட்டாக முழங்காலில் விழுகிறது. நடுவில் இருக்கும் பெண் முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, கண்ணில் ஒற்றுகிறார். மறுபடி ஊதுகிறார். மறுபடி ஒற்றுகிறார்.

கடைசியில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இடது கண் சிவந்திருக்கிறது. அதில் நீர் இல்லை. இரண்டு கைகளும் மடியில்.

மேலே மின்விசிறி சுற்றுகிறது. ஒரு நரைமுடி பறந்து அவருடைய இடது கண்ணின் மேல் விழுகிறது. நுனி கருவிழியைத் தொட்டபடி கிடக்கிறது. இமை அசையவில்லை.

எதிரே சீட்டு எழுதும் ஊழியர் அதைப் பார்க்கிறார். தன் கண்ணைத் தேய்த்துக்கொள்கிறார்.

பாட்டியின் இடது நெற்றியில் கறுத்த தழும்புகள். அவை நெற்றியின் நட்டநடுவில் கோடு போட்டதுபோல் நிற்கின்றன. வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. மூக்கின் நுனியில் ஒரு பொருக்கு. காதோரம் செங்காவியின் மிச்சம். ஊர்க் குயவர் அக்கிக்கு எழுதிய சிங்கத்தின் வால்.

அவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர். விரல் நகங்களில் கரி. நீலச் சட்டையில் தீப்பொறி பட்ட சிறு துளைகள். சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் தொட்டுப் பார்க்கிறார். பைக்குள் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பி.

டோக்கன் 4. இளைஞர் எழுகிறார்.

உள்ளே அரையிருட்டு. ஸ்லிட் லாம்ப் கருவிகள் மூன்று. ஒரு மருத்துவர். மூன்று மேற்படிப்பு மாணவிகள். மேசையில் பஞ்சு, டார்ச், மஞ்சள் நுனி கொண்ட காகிதப் பட்டைகள்.

“வெல்டிங் பட்டறைங்க மேடம். ஷீல்டு பிடிக்காம ரெண்டு ராடு வச்சேன். ராத்திரி கண்ணுக்குள்ள மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஆயிருச்சுங்க.”

“என்னைக்கு?”

“பதினோரு நாளாச்சுங்க.”

மாணவி நிமிர்கிறார். வெல்டிங் ஒளி சுட்ட கண் ஓரிரு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் ஆறிவிடும். அப்படித்தான் அவர் படித்திருக்கிறார்.

“என்ன மருந்து போட்டீங்க தம்பி?”

குப்பி மேசைக்கு வருகிறது. பட்டறையில் ஒருவர் கொடுத்தது. பிறகு கடையில் வாங்கியது. இது மூன்றாவது குப்பி. ஒரு சொட்டு விட்டால் அரை நிமிடத்தில் வலி போய்விடும். கால்மணி நேரத்தில் திரும்பி வரும். மீண்டும் ஒரு சொட்டு. முதல் நாள் நான்கு தடவை. நேற்று எத்தனை என்று அவர் எண்ணவில்லை.

மருத்துவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறார். புரோபராகெய்ன். கண்ணை மரக்கவைக்கும் மருந்து. அதே மருந்து அந்த அறையின் தட்டிலும் இருக்கிறது. கண் அழுத்தம் பார்க்கும்முன் செவிலியர் ஒரே ஒரு சொட்டு விடுவார். யார் கையிலும் கொடுத்து அனுப்புவதில்லை.

“இது மருந்தில்ல தம்பி. இது வலியை மறைக்கிறது. கண்ணை ஆற விடாது.”

மஞ்சள் பட்டை நனைந்து கீழிமையைத் தொடுகிறது. விளக்கில் நீல நிறம் விழுகிறது. கருவிழியின் நடுவில் பச்சை ஒளிர்கிறது. மேல்தோல் உரிந்த இடமெல்லாம் பச்சை. அதைச் சுற்றி வளையம்போல் ஒரு வெண்மை. அழற்சி.

மாணவிகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். மூவரும் ஒன்றும் பேசவில்லை.

மருத்துவர் கேட்கிறார். கண்ணில் முதலில் மரப்பு மருந்து விட்டவர் யார்? ஒரு மாணவி சொல்கிறார். வியன்னா. கார்ல் கோலர். 1884. கொக்கெய்ன். முதலில் தவளையின் கண்ணில். பிறகு தன் கண்ணிலேயே. அதுவரை பெரும்பாலும் மரக்காத கண்ணில்தான் கத்தி வைத்தார்கள்.

“அப்ப அது வரம். இதுவும் வரம்தான், பத்து நிமிஷத்துக்கு.” மருத்துவர் குப்பியைத் தன் மேசையின் இழுப்பறைக்குள் வைத்து மூடுகிறார்.

இளைஞரின் கண் இழுப்பறையின் கைப்பிடியிலேயே நிற்கிறது.

டோக்கன் 5. பாட்டி. கூடவே மகள்.

செவிலியர் வழக்கம்போல் மரப்பு மருந்துக் குப்பியோடு வருகிறார். பாட்டியின் தலையைச் சாய்க்கிறார். மருத்துவர் கையை நீட்டித் தடுக்கிறார்.

“முதல்ல பஞ்சு. அப்புறம்தான் அது.”

செவிலியர் பின்வாங்குகிறார். மாணவி குறிப்பேட்டில் இந்த வரியை எழுதி, அடியில் கோடு போடுகிறார்.

மருத்துவர் ஒரு பஞ்சுருண்டையைக் கிள்ளுகிறார். விரல்நுனியில் வைத்து உருட்டி இழுக்கிறார். பஞ்சு நீள்கிறது. மெலிகிறது. நுனியில் நாலைந்து இழைகள் மட்டும் நிற்கின்றன. மூச்சுக்கே அசைகின்றன.

“பாட்டிம்மா, மேல பாருங்க. அந்த மூலையில.”

பாட்டி கூரையின் மூலையைப் பார்க்கிறார். பஞ்சு பக்கவாட்டிலிருந்து வருகிறது. முன்னாலிருந்து வந்தால் கண் பார்த்துவிடும். பார்த்துச் சிமிட்டினால் தொட்டுச் சிமிட்டியதாகக் கணக்கு வந்துவிடும். இமைமுடியிலும் படக்கூடாது. இழையின் நுனி வலது கருவிழியைத் தொடுகிறது.

படக்கென்று இரண்டு இமைகளும் மூடுகின்றன. தலை பின்னால் போகிறது. மாணவிகளும் கண் சிமிட்டுகிறார்கள்.

இப்போது இடது கண். இழை தொடுகிறது. வளைகிறது. கருவிழியின் மேல் மெல்ல நகர்கிறது. நடுவில், மேலே, கீழே, இரு ஓரங்களிலும். பாட்டி கூரையின் மூலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

“தொட்டேனா பாட்டிம்மா?”

“இன்னும் இல்லீங்க.”

மகளின் கை வாய்க்குப் போகிறது.

அடுத்து ஒரு மெல்லிய நைலான் இழை. பேனா போன்ற பிடிக்குள்ளிருந்து 6 சென்டிமீட்டர் வெளியே நீள்கிறது. நீளமாக இருந்தால் மென்மை. குட்டையாக்கினால் விறைப்பு. நல்ல கண் முழு நீளத்திலேயே உணரும். 6. தொடுகிறது. இல்லை. 5. இல்லை. 4. இல்லை. 3. இல்லை. மருத்துவர் இழையை உள்ளே இழுத்துக்கொண்டே வருகிறார். மாணவி ஒவ்வோர் எண்ணாக எழுதுகிறார். கடைசியில் ஒரு பூஜ்யம்.

இன்னொரு மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்து இமைப்புகளை எண்ணுகிறார். ஒரு நிமிடம். ஆறு.

சுவரில் ஒரு பழைய படம். முகத்தின் பாதித் தோல் உரிந்து நரம்புகள் மஞ்சளாகத் தெரிகின்றன. ஐந்தாம் மூளை நரம்பு. அதன் முதல் கிளை நெற்றிக்குப் போகிறது. அதிலிருந்து ஓர் இழை கருவிழிக்கு. அதன் உடன்பிறப்பு மூக்கின் நுனிக்கு. மருத்துவரின் விரல் படத்தின் மூக்கில் நிற்கிறது. பிறகு பாட்டியின் மூக்கைக் காட்டுகிறது. பொருக்கு.

“மூக்கு நுனியில அக்கி கொப்புளம் பார்த்தா அன்னைக்கே கண்ணைப் பாக்கணும்.”

கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமன். ரத்தக் குழாய் கிடையாது. நரம்பு மட்டும் உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அடர்த்தி. தூசி விழுந்தால் சொல்வது அது. இமையை மூடவைப்பது அது. கண்ணீரை வரவழைப்பது அது. மேல்தோல் ஒரு வாரம் பத்து நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக வளர ஊட்டம் கொடுப்பதும் அதுவே. 1824-இல் பிரான்சில் மாஜன்டி முயல்களின் ஐந்தாம் நரம்பை வெட்டினார். கண்ணில் அவர் கை வைக்கவில்லை. கருவிழி தானே புண்ணானது.

மாணவியின் குறிப்பேட்டில் ஒரு வட்டம். மேலே ‘அழற்சி’. கீழே ‘உணர்விழப்பு’. இரண்டுக்கும் நடுவே இரண்டு அம்புகள். அழற்சி நரம்பைத் தின்கிறது. நரம்பு போன இடத்தில் அழற்சி ஆறுவதில்லை. ஓரத்தில் ஒரு பட்டியல்: அக்கி, ஹெர்பீஸ், தொழுநோய், சர்க்கரை, மூளை அறுவை. கடைசியில் இப்போதுதான் சேர்த்த ஒரு வரி: மரப்புச் சொட்டு.

விளக்கு மீண்டும் நீலமாகிறது. பாட்டியின் கண்ணில் முட்டை வடிவில் ஒரு பச்சை. ஓரங்கள் சுருண்ட பாய்போல் தடித்திருக்கின்றன. மூடப் பார்த்து, முடியாமல் நின்ற தோல். இரண்டாம் நிலை. மூன்றாம் நிலையில் கருவிழி கரையும். ஓட்டை விழும். அப்போதும் வலிக்காது.

“எப்ப இருந்து பார்வை மங்கல்?”

“பத்து நாளிருக்குமுங்க. கண்ணுதான் வலிக்கலீங்களே. சரியாப் போச்சுன்னு இருந்துட்டேன்.”

மகள் குறுக்கிடுகிறார். “அக்கி வந்தப்ப ராத்திரி பூரா கத்துச்சுங்க. அப்புறம் வலி நின்னுச்சு. குலதெய்வத்துக்குப் பொங்கல்கூட வச்சோமுங்க.”

மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். மாணவிகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்துகிறார். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை.

ஒரு மாணவி புது மருந்து ஒன்றைச் சொல்கிறார். நரம்பு வளர்ச்சிக் காரணி. ரீட்டா லெவி மொந்தால்சினி கண்டது. 1986-இல் நோபல் பரிசு. 2018-இல் அமெரிக்காவில் சொட்டு மருந்தாக அனுமதி. ஒரு நாளைக்கு 6 தடவை, 8 வாரம். மருத்துவர் தலையசைக்கிறார். விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. கீழ்த்தள மருந்தகத்தின் அலமாரியில் அது இல்லை.

மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது. பதப்படுத்தும் ரசாயனம் சேராத செயற்கைக் கண்ணீர். கிருமி தொற்றாமலிருக்க ஒரு சொட்டு. பாட்டியின் சொந்த ரத்தத்திலிருந்து சீரம் பிரித்து ஒரு சொட்டு. கண்ணுக்கு வராத ஊட்டத்தை ரத்தம் கொஞ்சம் கொடுக்கும். அதோடு இமையின் வெளியோரத்தில் நாலு தையல்.

“பாக்கிற கண்ணைத் தைக்கிறதுங்களா?”

“பாதிதான் அம்மா. கதவை ஒருக்களிச்சு வைக்கிற மாதிரி. புண் ஆறுனதும் பிரிச்சுடலாம்.”

மகள் அம்மாவைப் பார்க்கிறார். அம்மா தலையாட்டுகிறார்.

“இனிமே புண்ணு ஜாஸ்தியானா எப்பிடீங்க தெரியும்?”

மருத்துவர் டார்ச்சை எடுத்து மகளின் கையில் கொடுக்கிறார். தாயின் கண்ணில் பிடித்துக் காட்டச் சொல்கிறார். வெளிச்சம் நடுங்குகிறது. பிறகு நிலைக்கிறது. சிவப்பு கூடுகிறதா. வெள்ளை தெரிகிறதா. முடி, தூசி கிடக்கிறதா. காலையில் ஒரு தடவை. ராத்திரி படுக்கும்முன் ஒரு தடவை.

“வலிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. அவங்களுக்கு வலிக்காது. நீங்கதான் பாக்கணும்.”

மகள் டார்ச்சை அணைக்கிறார். போடுகிறார். அணைக்கிறார்.

மணி பத்தே கால். பெஞ்சு. இளைஞரும் பாட்டியும் மீண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒருவருக்கு வார்டில் படுக்கை வேண்டும். இன்னொருவருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். பாட்டி முழங்கையை மடித்து நீட்டிப் பார்க்கிறார்.

இளைஞரின் மரப்பு இறங்குகிறது. முதலில் ஒரு கண் சுருங்குகிறது. பிறகு நெற்றி. கை சட்டைப் பைக்குப் போகிறது. பை காலி. கை அங்கேயே நிற்கிறது. கன்னத்தில் நீர் இறங்குகிறது. இன்னொன்று. பிறகு நிற்காமல்.

செவிலியர் வலி மாத்திரையும் டம்ளரில் தண்ணீரும் கொண்டுவருகிறார். இளைஞருடைய கண்ணீரைப் பார்க்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேஸ் சீட்டில் நேரம் எழுதுகிறார்.

பாட்டி திரும்புகிறார். “ரொம்ப வலிக்குதா கண்ணு?”

இளைஞர் தலையாட்டுகிறார்.

“வலிக்கட்டும் சாமி. வலிக்கட்டும்.” பாட்டி அவர் முதுகைத் தடவுகிறார். குரல் தாலாட்டுவதுபோல் இருக்கிறது.

மின்விசிறி சுற்றுகிறது. அதே நரைமுடி, இல்லை வேறொன்று, பறந்து பாட்டியின் இடது கண்ணில் விழுகிறது. பாட்டி தடவிக்கொண்டே இருக்கிறார்.

மகள் பார்த்துவிடுகிறார். ஒற்றை விரலால் முடியை ஒதுக்குகிறார். அது நழுவித் திரும்ப விழுகிறது. தன் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவுகிறார். பல்லில் கடித்து விரிக்கிறார். அம்மாவின் முடியைக் காதுக்குப் பின்னால் இழுத்துச் செருகுகிறார்.

பிறகு டார்ச்சைப் போட்டுக் குனிகிறார்.