உம்மா கேட்ட களாக்காய்

2018 ரமலானில், நோயினால் நோன்பு நோற்க இயலாதிருந்த உம்மா, கஞ்சிக்குக் களாக்காய் ஊறுகாய் கேட்டார். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் எழும் முன்பு ஏரிக்கரைப் புதரெல்லாம் களாதான். இன்று அங்கே மதிற்சுவர்களும் லாரிகளும்.

நாற்றுப்பண்ணைக்காரர் தந்தது பெருங்களா. கடித்துப் பார்த்தவர், “இது வேற வாப்பா” என்று வைத்துவிட்டார். அவர் நாவு தேடியது காட்டுச் சிறுகளா. காய் சிறிது, புளிப்போ பல்லைக் கூசவைக்கும். படப்பைக்கு அப்பால் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரே அதனைக் காட்டித் தந்தார். இரு கைகளிலும் முள் கிழித்தது.

காய்கள் ஊறுகாயாயின. கருத்துப் பழுத்தவற்றின் விதைகளை அன்றே மண்ணிலிட்டேன். காயவிட்டால் களா விதையின் முளைப்புத்திறன் விரைவில் குன்றிவிடும். நாற்றுகள் முழங்கால் உயரம் வளருமுன் உம்மா மவ்த்தாகிவிட்டார்.

செடிகள் காய்க்கச் சில ஆண்டுகள் பிடித்தன. விதைக்கென்று பழுக்கவிட்ட முதற்காய்ப்பைக் குயில்களும் மைனாக்களும் தீர்த்துவிட்டன. நட்ட மரத்தில் பறவை உண்பதும் ஸதகா என்ற நபிமொழியை அறிவேன். ஆயினும் இவ்வாண்டு ஒரு செடிக்கு மட்டும் வலை கட்டியிருக்கிறேன். உம்மாவின் பீங்கான் ஜாடி இன்னும் காலியாகவே இருக்கிறது.