வனிலா மெழுகுதிரி செய்ய நினைக்கும் சகோதரிகளுக்கு



கொஞ்ச நாளாக இன்பொக்ஸில் ஒரே கேள்வி. "டீச்சர், மெழுகுதிரிக்கு எந்த வனிலா நல்லது? கேக் மணம் வர என்ன போட வேணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரம் கிடைப்பதில்லை. அதனால் எங்களுக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதுகிறோம். பதிவு நீளம்தான். ஆனால் காசு போட முன்னம் ஒருக்கா வாசியுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது மெழுகுதிரி என்றால் வெளிச்சம் மட்டும்தான். பிள்ளைகள் அதன் கீழே இருந்துதான் படித்தார்கள். இப்போது அதே மெழுகு கண்ணாடிக் கோப்பைக்குள் மணத்தோடு வந்து, கலியாண வீட்டிலும் பிறந்தநாளிலும் கைக்குக் கொடுக்கும் பொருளாகிவிட்டது. குசினியில் வைத்துச் செய்யலாம், பெரிய இயந்திரம் வேண்டாம் என்பதால் பல பெண்கள் இதில் இறங்குகிறார்கள். கேட்பவர்களில் ஒருவர் எங்கள் மாணவி ஒருத்தியின் உம்மா. கணவர் இல்லை, தையல்தான் வருமானம். ஒரு கலியாணத்துக்கு 60 சிறு மெழுகுதிரி செய்து தருவதாக முற்பணம் வாங்கியிருக்கிறார். அந்தக் காசில் என்ன வாங்குவது என்பதுதான் கேள்வி. அவரைப் போன்றவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

முதல் விஷயம். கேக்குக்குப் போடும் வனிலா எசன்ஸ் மெழுகுதிரிக்கு உதவாது. எசன்ஸ் பெரும்பாலும் தண்ணீர், அல்ககோல், கிளைக்கோல் போன்றவற்றில் கரைத்துச் செய்யப்படுவது. மெழுகு எண்ணெய்ச் சாதி. இரண்டும் சேராது. எசன்ஸ் துளித்துளியாக அடியில் போய் நிற்கும். கொஞ்சம் சூட்டிலேயே ஆவியாகிவிடும். மிச்சம் திரிக்குப் பக்கத்தில் வரும்போது படபடவென்று வெடித்துத் தெறிக்கும். உண்மையான வனிலாக் காயை ஊறவைத்து எடுத்த விலை கூடிய சாறும் இப்படித்தான். வாங்க வேண்டியது மெழுகுதிரிக்கென்றே விற்கும் வாசனை எண்ணெய். உடம்புக்குப் பூசும் அத்தரும் வேண்டாம். அது தோலுக்குக் கலந்தது, நெருப்புக்குக் கலந்ததல்ல.

வாங்கும்போது விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தச் சூட்டில் இதன் ஆவி தீப்பிடிக்கும்? நூற்றுக்கு எத்தனை வரை போடலாம்? இஃப்ரா சான்றிதழில் மெழுகுதிரிக்குரிய 12ஆம் பிரிவில் என்ன அளவு போட்டிருக்கிறது? நல்ல வியாபாரியிடம் இவை கடதாசியில் இருக்கும். அல்ககோல் கலந்ததா என்று வாங்குபவர்கள் உங்களிடம் கேட்பார்கள். கரைப்பான் என்னவென்று அதே இடத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் நல்லது, பயப்படாதீங்க" என்பது மட்டும்தான் பதிலென்றால் அந்தப் போத்தலைத் திருப்பி வையுங்கள்.

அடுத்தது "இயற்கை வனிலா" என்ற லேபல். வனிலா மெக்சிக்கோ பக்கத்து ஓர்க்கிட் கொடி. வேறு நாடுகளில் நட்டபோது பூத்தது, காய்க்கவில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன்தான் ஒரு சிறு குச்சியாலும் பெருவிரலாலும் பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டான். இன்றும் ஒவ்வொரு பூவாகக் கையால்தான் செய்கிறார்கள். அதனால்தான் அந்த விலை. 1858இல் கோப்லே என்ற பிரெஞ்சுக்காரர் வனிலாவின் மணப்பொருளான வனிலினைப் பிரித்தெடுத்தார். 1874இல் ஜேர்மனியில் டீமானும் ஹார்மானும் அதைச் செயற்கையாகச் செய்தார்கள். பிறகு நீண்ட காலம் கராம்பு எண்ணெயிலிருந்தும் செய்தார்கள். இன்று உலகத்து வனிலினில் பெரும்பகுதி பெற்றோலியத்திலிருந்து தொடங்கும் வழியில் வருவது. அது கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சின்ன விலைக்கு விற்கும் மெழுகுதிரி எண்ணெயில் வனிலாக் காய் இல்லை. "இயற்கை" என்ற சொல்லுக்கு மேலதிகக் காசு கொடுக்காதீர்கள். அந்தச் சொல்லை உங்கள் லேபலிலும் போடாதீர்கள். "வனிலா வாசம்" என்று போடுங்கள், அதுதான் உண்மை. அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களைப் பற்றி ஒரு ஸூராவே இறங்கியிருக்கும் மார்க்கம் எங்களுடையது.

வனிலா கூடிய எண்ணெய் மெழுகைப் பழுப்பாக்கும். இன்று பால் வெள்ளையாக ஊற்றுவீர்கள், சில நாளில் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். வெயில் பட்டால் இன்னும் வேகமாக வரும். வனிலின் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து செய்யும் வேலை இது. பழுதில்லை, மணமும் குறையாது. ஆனால் கலியாண வீட்டில் வெள்ளை கேட்டிருந்தால் பெரிய தலையிடி. விற்பவரிடம் "வனிலின் நூற்றுக்கு எத்தனை?" என்று கேளுங்கள். கூட இருந்தால் நிறம் மாறும் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அல்லது நீங்களே கறுவாப் பட்டை நிறமோ கரமல் நிறமோ போட்டு ஊற்றிவிடுங்கள்.

இனிக் கணக்கு. கடையில் கிடைக்கும் 10 மில்லிலீற்றர் போத்தல் ஏறக்குறைய 10 கிராம். சோயா மெழுகுக்கு வழக்கமாக நூற்றுக்கு 6 முதல் 10 வரை எண்ணெய் போடுவார்கள். ஒரு மெழுகுதிரிக்கு 100 கிராம் மெழுகு என்று வைத்தால், நூற்றுக்கு 6 என்றாலும் 6 கிராம் எண்ணெய் வேண்டும். 60 மெழுகுதிரிக்கு 6 கிலோ மெழுகு, 360 கிராம் எண்ணெய். அதாவது 36 சின்னப் போத்தல்! சின்னப் போத்தல் விலையில் கணக்குப் போட்டால் அந்த ஓடரில் நட்டம்தான் வரும். முதலில் சின்னப் போத்தலில் பரீட்சை செய்யுங்கள், சரிவந்தால் பெரிய போத்தல் வாங்குங்கள். எண்ணெயை மூடியாலோ கரண்டியாலோ அளக்க வேண்டாம், தராசில் நிறுங்கள். சாதாரண வெள்ளைப் பரபின் மெழுகு எண்ணெயை அவ்வளவு பிடிக்காது. ஏறக்குறைய நூற்றுக்கு 3க்கு மேல் போனால் மேலே வியர்த்து நிற்கும். கூடப் போட்டால் கூட மணக்கும் என்று நினைக்க வேண்டாம். கூடினால் திரி அடைபட்டு மணம் குறையும், கரி கூடும்.

மெழுகை நேரே அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். 75 முதல் 85 பாகை செல்சியஸ் வரும்போது எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். பிள்ளைகள் நித்திரை கொண்ட பிறகு செய்வது நல்லது.

பரீட்சை எப்படி? கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த முதல் பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது. மூன்று கோப்பை எடுங்கள். மெழுகு ஒன்று, எண்ணெய் ஒன்று, அளவு ஒன்று. திரியின் பருமன் மட்டும் மூன்று விதம். வனிலா எண்ணெய் பாரமானது, மற்ற வாசங்களுக்குச் சரிவந்த திரி இதற்கு மெலிவாக இருக்கும். ஊற்றி உடனே எரிக்கவும் வேண்டாம். சோயா மெழுகென்றால் ஒன்று இரண்டு கிழமை மூடி வைத்தால்தான் மணம் பிடிக்கும். ஓடர் திகதியை அதற்கேற்றபடி எண்ணுங்கள். பிறகு திரியை 5 மில்லிமீற்றராக வெட்டி, கதவு பூட்டிய அறையில், ஃபேன் போடாமல் எரியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த விறாந்தையில் எரித்துப் பார்த்த முடிவை நம்ப முடியாது. இன்னொரு கோப்பையைத் தகரக் கூரையின் கீழே மத்தியானம் முழுக்க வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாண வெயிலில் மெழுகு இளகி எண்ணெய் கசிந்தால், அந்த அளவோ அந்த மெழுகோ இந்த ஊருக்குச் சரியில்லை. குளிர் நாட்டில் எடுத்த வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது பேக்கரி வாசங்கள். எண்ணெய்ப் பட்டியலில் கப்கேக், சுகர் குக்கி, சினமன் ரோல் என்று பெயர்கள் வரும். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். இவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது வனிலினும், எரித்த சீனி மணம் தரும் எதைல் மால்ட்டோலும்தான். மேலே கொஞ்சம் பட்டர், கொஞ்சம் கறுவா. ஐந்து போத்தல் வாங்கினால் ஐந்தும் ஒரே மணமாகத் தெரியலாம். நல்ல வனிலா ஒன்றை வாங்கி, அதன்மேல் வேறு ஒன்றைச் சேர்ப்பது மலிவு.

எதைச் சேர்ப்பது? இங்கே எங்கள் மூக்கைத்தான் கேட்க வேண்டும். எங்களுக்குப் பேக்கரி என்றால் பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ஓட்டோவின் கதவைத் திறந்ததும் வரும் பணிஸ் மணம். வீட்டுக் கேக் என்றால் ரவையும் கஜுவும் ரோஸ் வோட்டரும் ஏலக்காயும் சேர்ந்த லவ் கேக். பெருநாள் என்றால் வட்டிலப்பம். வனிலாவோடு ஏலக்காய் எண்ணெய் கொஞ்சமும் சாதிக்காய் துளியும் சேர்த்தால் வட்டிலப்பத்துக்குக் கிட்ட வரும். வனிலாவோடு ரோஸும் ஏலக்காயும் லவ் கேக்குக்குக் கிட்ட வரும். பாண் மேலோட்டின் மணத்துக்கு முக்கிய காரணமான 2-அசிற்றைல்-1-பைரோலின் என்ற பொருள்தான் ரம்பை இலையிலும் பாஸ்மதி அரிசியிலும் மணப்பது. நெய்ச்சோற்றுச் சட்டியைத் திறந்தால் ஏன் வயிறு விழிக்கிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. ரம்பை வாச எண்ணெய் கிடைத்தால் வனிலாவோடு மிகச் சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள்.

இது வியாபாரத்துக்கும் முக்கியம். எங்கள் ஆட்கள் 1990 ஒக்டோபர் 30க்குப் பிறகு புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, வெளிநாடு என்று சிதறினார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு, இன்னும் அங்கும் இங்குமாக இருப்பவர்களும் உண்டு. கலியாணத்துக்கு ஊருக்கு வரும் ஒருவர் வெளிநாட்டுக் கடையில் கிடைக்கும் கப்கேக் மணத்தை இங்கே வந்து வாங்க மாட்டார். உம்மம்மாவின் வட்டிலப்பச் சட்டி மணத்தை வாங்குவார். பெரிய கம்பனி செய்யாத ஒன்று அது. உங்களால் செய்ய முடியும்.

இரண்டு எச்சரிக்கை. பட்டர் மணத்துக்குப் பயன்படும் டயசிற்றைல் என்ற பொருளின் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்ததால், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துப் பொப்கோர்ன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. அது தொழிற்சாலை அளவு. மெழுகுதிரி ஒன்று எரிப்பதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் சூட்டில் எண்ணெய் கலப்பது நீங்கள். பட்டர் வாச எண்ணெய் என்றால் டயசிற்றைல் இல்லாதது கேளுங்கள், யன்னலைத் திறந்து வைத்துக் கலக்குங்கள். கறுவா எண்ணெய் கையில் பட்டால் எரியும், கையுறை போடுங்கள்.

மற்றது பிள்ளைகள். கேக் மணம் வீசும் மெழுகைக் கேக் வடிவிலும் செய்து, மேலே ஐசிங் மாதிரி ஊற்றி, பிஸ்கட் மாதிரி ஒன்றைச் செருகினால் பார்க்க அழகுதான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது கேக். எங்கள் வகுப்பில் அழிறப்பரில் ஸ்ட்ரோபரி மணம் இருந்தாலே கடித்துப் பார்க்கிறார்கள். சாப்பாடு மாதிரித் தோன்றி ஆளை ஏமாற்றும் ஆபத்தான பொருட்களை விற்க முடியாதென்று ஐரோப்பாவில் 1987இலேயே சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக நாங்கள் செய்யலாமா? கோப்பைக்குள், மூடியோடு, "சாப்பிடும் பொருள் அல்ல" என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

நோன்பு மாதத்தில் பகலில் இவற்றைக் கடையிலோ வீட்டிலோ எரிக்காதீர்கள் என்பதும் எங்கள் தாழ்மையான வேண்டுகோள். அஸருக்குப் பிறகு வட்டிலப்ப மணம் வீசினால் அயல்வீட்டார் உங்களுக்கு துஆ செய்ய மாட்டார்கள்.

அந்த 60 மெழுகுதிரிச் சகோதரிக்கு நாங்கள் சொன்னது இதுதான்: எசன்ஸ் வாங்க வேண்டாம், பத்து வாசம் வேண்டாம். வனிலா ஒன்று, ஏலக்காய் ஒன்று. மூன்று கோப்பையில் பரீட்சை. நிறம் பழுப்பாகும் என்று கலியாண வீட்டுக்கு இப்போதே சொல்லுங்கள். எங்கள் தராசு வார இறுதியில் சும்மாதான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வேறு யாருக்கும் தேவையென்றாலும் கேளுங்கள்.

இதை வைத்துச் சம்பாதிக்க நினைக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுங்கள். அல்லாஹ் அவர்களுடைய உழைப்பில் பரக்கத் செய்வானாக.