அக்காவுக்கு என்ன பிடிக்கும்?

எனக்கு என்ன பிடிக்கும் என்பது என் அக்காவுக்குத் தெரியும். வெண்டைக்காய் வதக்கல் மொறுமொறுவென்றிருக்க வேண்டும். ரசத்தில் பூண்டு தட்டிப் போட வேண்டும். தோசையின் ஓரம் சிவந்திருக்க வேண்டும். மாமாவின் ருசிகளும் அவளுக்கு மனப்பாடம். அக்காவுக்கு என்ன பிடிக்கும்? அறுபதைத் தொட்டுவிட்ட நான் இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டுக்கொண்டது 2025-ஆம் ஆண்டு புரட்டாசியில்தான். கதை எழுதுகிறவன் மனித மனத்தை அறிந்தவன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அக்கா செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனும் மருமகளும் சென்னையில் உத்தியோகம் பார்த்ததால் பேத்தியைக் கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை வளர்த்தது அக்காதான். அந்த ஆவணியில் அவர்களுக்குக் கனடா போகும் அனுமதி வந்தது. குழந்தையும் போய்விட்டது. சில வாரங்கள் கழித்து மாமா டெலிபோனில் கூப்பிட்டார். "உன் அக்கா அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்" என்றார்.

போனேன். எனக்கு வெண்டைக்காய் வதக்கல் தயாராக இருந்தது. அவள் ஒரு தம்ளர் மோரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ சாப்பிடலையா அக்கா?"

"ஆச்சுடா."

திண்ணை ஓரத்தில் குழந்தையின் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. நான் வாங்கிப் போன மைசூர்பாகு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிற்று. திருவண்ணாமலைக்குப் போய் வரலாமா என்றேன். "அங்கே போய் என்ன?" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

மாமாவைத் தனியே அழைத்து, "அக்காவுக்கு என்ன பிடிக்கும், மாமா?" என்று கேட்டேன். மனிதர் வெகுநேரம் யோசித்தார். "அவளா? எது மிஞ்சுகிறதோ அதைச் சாப்பிடுவாள்" என்றார். குறையாகச் சொல்லவில்லை; மனைவியைப் பாராட்டுகிறதாகவே நினைத்துச் சொன்னார். சிரிக்கப் போனேன். எனக்கும் வேறு பதில் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

மாலையில் கோட்டைப் பக்கம் நடந்தேன். வாசலில் ஓர் அம்மாள் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தாள். வேர்க்கடலைக்கு எங்கள் சீமையில் அதுதான் பெயர். மணிலாக் கொட்டை என்பதன் சுருக்கம். ஒரு பொட்டலம் வாங்கி, குரங்குகளுக்குத் தெரியாமல் மேல்துண்டில் மறைத்துக்கொண்டு, ராஜகிரி அடிவாரத்தில் உள்ள நெற்களஞ்சியத்தருகே போய் உட்கார்ந்தேன்.

அந்த ஆண்டுதான் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்திருந்தது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இதை முற்றுகையிட்டுக் கிடந்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். அத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு 800 அடி உயர மலையைச் சொல்வார்கள், மதிலைச் சொல்வார்கள். என் கண்ணில் பட்டது களஞ்சியம்தான். இதிலிருந்து தானியம் அளந்து எடுத்துப்போய் உலை வைத்தவர்கள் யார்? அவர்களுக்கு எது பிடித்திருக்கும்? சரித்திரம் எழுதுகிறவர்களும் மாமாவைப் போலத்தான்.

கடலையின் தோலை உரித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய வீட்டுப் புழக்கடை நினைவுக்கு வந்தது. அம்மா கேழ்வரகுக் களி கிண்டுவாள். பச்சை மல்லாட்டையும் கத்தரிக்காயும் போட்டுப் புளிக்குழம்பு. களி இறங்கியதும் பானை அடியில் ஒட்டிய காந்தலுக்காக அக்கா என்னோடு சண்டை போடுவாள். ஆமாம், சண்டை! எதையும் கேட்டறியாத என் அக்கா, "காந்தல் எனக்கு" என்று பானையை இரண்டு கையாலும் கட்டிக்கொள்வாள்.

புகுந்த வீட்டில் அவள் களி கிண்டியதே இல்லை. நெல்லுச்சோறு உண்ணும் குடும்பம். களி என்றால் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று மாமாவின் தாயார் முகம் சுளிப்பாராம். இன்று சர்க்கரை வியாதிக்காரர்கள் கேழ்வரகைத் தேடி அலைகிறார்கள். கௌரவம் போய்விட்டது, ஆனால் களி திரும்பி வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. இருவரையும் சிங்கவரம் ரங்கநாதர் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, புழக்கடை அடுப்பில் விறகு வைத்தேன். குழம்பு ஏதோ ஒரு மாதிரி வந்தது. களிதான் என்னைத் தோற்கடித்தது. நொய் வெந்ததும் மாவைக் கொட்டி மூடி வைக்க வேண்டும் என்பது நினைவிருந்தது. அதன் பிறகு கிண்டுவதற்கு வேண்டிய தோள்வலிமையை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மாவு கட்டி தட்டியது. புகையில் கண் எரிந்தது. நெற்றியில் திருமண்ணோடு அக்கா வந்து நின்றாள்.

"என்னடா பண்றே?"

"களி."

எட்டிப் பார்த்தாள். "இதுவா களி? சுவரொட்டி ஒட்டலாம். தள்ளு அப்பாலே!"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பைப் பிடுங்கினாள். பானையைக் காலால் அணைத்துக்கொண்டு அவள் கிண்டிய வேகத்தில் என் கட்டிகள் இருந்த இடம் தெரியவில்லை. கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டினாள். முதல் உருண்டையை எனக்குப் போடவில்லை, மாமாவுக்கும் போடவில்லை. தட்டில் வைத்துக் குழிபறித்து, குழம்பை ஊற்றித் தானே சாப்பிட்டாள். "புளி பத்தலை" என்றாள். இரண்டாவது உருண்டையை எடுத்துக்கொண்டாள்.

மாமாவும் ஒன்று கேட்டு வாங்கி வாயில் போட்டு மென்றார். களி பல்லில் ஒட்டிக்கொண்டு மனிதர் திணறினார். "மெல்லக் கூடாதுங்க, முழுங்கணும்!" என்று அக்கா சிரித்தாள். மாமா திணறலை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பானையைச் சாய்த்து, கரண்டியால் காந்தலைச் சுரண்டினாள். அப்பளம்போல் பெரிதாக வந்தது. பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினாள். நான் வேண்டாமென்றேன். கையில் அதை வைத்துக்கொண்டு திண்ணைப் பக்கம் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு இதை ஒரு தடவைகூடச் செஞ்சு குடுக்கலையேடா" என்றாள்.

அப்போதுதான் அழுதாள். முந்தானையால் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே காந்தல் முழுவதையும் தின்று முடித்தாள்.