முகப்பை விட்டு அடுக்களைக்குப் போன கேமரா

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் பலருக்கும் சூரிய உதயமும் திருவள்ளுவர் சிலையும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஓட்டுக்கூரைகள் ஞாபகம் வரும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் எங்கள் நாஞ்சில் நாடு. அதனால்தான் இங்குள்ள பழைய வீடுகளின் கூரை நன்றாகச் சரிந்து, சுவரைத் தாண்டி நீண்டிருக்கும்.

அந்தக் கூரைகளைப் படம் எடுக்கத்தான் போன மாதம் ஒரு சனி, ஞாயிறு நானும் என் மகளும் கிளம்பினோம். அவள் கட்டடக்கலை படிக்கிறாள். கையில் இருந்தது இரண்டு போன் மட்டும்தான்.

சனிக்கிழமை தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. 1601-ல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கி, பிறகு மார்த்தாண்ட வர்மா விரிவாக்கியது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். 1956-ல் இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்த பிறகும், அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது.

பூமுகத்தின் மரக்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் அதைத்தான் அண்ணாந்து எடுப்பார்கள். என் மகள் மரச்சட்டங்கள் சேரும் மூலைகளையும், வெயிலை வடிகட்டி உள்ளே விடும் மர அழிகளையும் எடுத்தாள். ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் சாப்பிடக்கூடிய ஊட்டுப்புரையில் நின்றபோதுதான், “அம்மா, இதெல்லாம் பூதப்பாண்டி வீட்டுலயும் இருக்குல்ல?” என்று கேட்டாள்.

இருக்கிறது. பூதப்பாண்டி, தோழர் ஜீவா பிறந்த ஊர். என் அம்மா பிறந்த வீடும் அங்கேதான். அரண்மனையில் பூமுகம் என்றால், வீட்டில் படிப்புரை. அங்கே பல முற்றங்கள். இங்கே ஒன்றே ஒன்று. மேலே தட்டுமச்சு, உள்ளே அரங்கு, நெல் போட்டு வைக்கப் பத்தாயம். அளவுதான் சிறிது, வெளிச்சத்தையும் மழையையும் காற்றையும் கையாளும் விதம் ஒன்றேதான்.

ஆனால், அரண்மனையைக் காப்பாற்ற ஒரு துறை இருக்கிறது. இந்த வீட்டில் இருப்பது மூத்த மாமாவின் மனைவி, எழுபத்தெட்டு வயது அத்தை மட்டும். தை பிறந்ததும் வீட்டை இடித்து, இடத்தை மூன்று பங்காகப் பிரிப்பதாக மாமா பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஓடு மாற்ற வேண்டும். வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. மூன்று இடத்தில் ஒழுகுகிறது.

ஞாயிறு காலை நாங்கள் தெருவில் நின்று முகப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது அத்தை வெளியே வந்தார். “முகப்பத்தான் எல்லாரும் எடுக்கானுவ மக்களே. உள்ள வா, அடுக்களைய எடு. நான் அம்பது வருசம் நின்ன எடம் அதுதான்.”

அதற்குப் பிறகு அத்தைதான் எங்களுக்கு வழிகாட்டி. கரி படிந்த அடுப்பு மேடை, சுவரில் விளக்கு மாடம், முற்றத்துத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகும் கல் ஓடை. கீழே இறக்கி வைத்திருந்த ஓடு ஒன்றைத் திருப்பினோம். பாசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும் தெரிந்தன. அது வீட்டின் வயது இல்லை. மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம்.

அரங்கு வாசல் நிலையில் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. பிள்ளைகளின் உயரத்தைத் தாத்தா அளந்து குறித்தவை. “இது ஒங்க அம்மைக்க கோடு” என்று அத்தை காட்டியது என் இடுப்பு உயரம்கூட இல்லை. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அந்தக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மகள் படம் எடுத்தது எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரியே எல்லாப் படங்களையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். முகப்புப் படத்துக்குக் கட்டைவிரல்கள் வந்தன. நிலைப் படத்துக்குப் போன்கால்கள் வந்தன. துபாயில் இருக்கும் மாமா மகன், “என் கோடு எது அக்கா?” என்று கேட்டான். வீடு நிற்கப்போவதில்லை, அந்த முடிவு மாறவில்லை. ஆனால், மரச்சாமான்களை மொத்தமாக விலை பேசியிருந்தவரிடம், அந்த நிலையை மட்டும் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தை குடியிருக்கப் போகும் புது வீட்டில் அது ஏறும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வீடு இருந்தால், வரும் சனிக்கிழமையே போய்விடுங்கள். ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். முற்றத்துக்கு வெயில் இறங்கும் நேரம்வரை காத்திருங்கள். மரவேலையை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்தால் அளவு புரியும். வீட்டில் இருக்கும் பெரியவரை நடக்கவிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் சொல்லச் சொல்லி வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ‘சாய்ப்பு’ என்றால் என்னவென்று தெரிந்தது அப்படித்தான்.