பட்டமா, பட்டயமா?

கடலூர் முதுநகரில் எங்கள் உம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை தளர்ந்தபோது, இயன்முறை மருத்துவம் பார்க்கப் பெண் ஒருவரைத் தேடி அலைந்தோம். ஆண்கள் தொடுவதற்கு உம்மா இசையவில்லை. (தேவை கருதி மார்க்கம் அனுமதிப்பதை எடுத்துரைத்தும் பயனில்லை.) இறுதியில் பட்டயம் பெற்ற பெண்ணொருவர் வந்தார். அன்பானவர்தாம். ஆனால் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துவிட்டார். தசைப்பிடிப்பு இழந்த தோளை இழுத்தால் மூட்டு நழுவும் என்பதை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. அன்றிரவு முழுதும் உம்மா உறங்கவில்லை.

ப்ளஸ் டூ முடித்த எங்கள் மகள் இத்துறையையே கேட்டாள். சிதம்பரத்தில் பட்டப்படிப்பு, பயிற்சிக்காலம் உட்பட அப்போது நான்கரை ஆண்டு. உறவினர்களோ மசாஜ், அக்குபிரஷர், ஹிஜாமா சேர்ந்த ஓராண்டுப் பட்டயம் போதும் என்றனர். செலவு குறைவு, நிக்காஹும் தள்ளிப்போகாது. உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்பக்கமே சாய்ந்தோம்.

மகள் கணக்கிட்டுக் காட்டினாள். ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 200. துணை மருத்துவப் பணிகளுக்கான 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டமோ பட்டயத்துக்கே குறைந்தது 2000 மணி நேரமும், இயன்முறை மருத்துவர் போன்றோரின் பட்டத்துக்கு 3600 மணி நேரமும் கேட்கிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் நபிமொழியையும் நினைவூட்டினாள். எங்களிடம் மறுமொழி இல்லை.

மாடி கட்டச் சேர்த்த பணம் கட்டணமாயிற்று. ஹிஜாமாவைப் பின்னர் கற்கலாம். இப்போது தினமும் சிதம்பரத்திலிருந்து திரும்பியதும், புர்காவைக் கழற்றுமுன்னே உம்மாவின் தோளைத்தான் தொட்டுப் பார்க்கிறாள்.