சிவாலிக் அடிவாரத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை

சண்டிகரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு, வடக்கே நீலமாய்த் தோன்றும் சிவாலிக் குன்றுகள் நாள்தோறும் காணும் காட்சியே. கால்கா வழியாகச் சிம்லா செல்வோர் அவற்றைப் பேருந்தின் சாளரத்தினூடே ஒருமுறை நோக்கி அமைவர். அவற்றின் அடிவாரமே சென்று காணத்தக்க இடம் என்று எண்ணுவோர் சிலரே. சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று நாங்கள் அறுவர், பிள்ளைகள் இருவர் உட்பட, அங்குள்ள ஒற்றையடிப் பாதையொன்றில் மிதிவண்டியில் சென்று வந்தோம். அங்கே கண்டதும் கேட்டதும் நம் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

சண்டிகரிலிருந்து பிஞ்சூர் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். முகலாயர் காலத்துத் தோட்டத்தால் பெயர்பெற்ற அவ்வூர் வரை மிதிவண்டிகளை மோட்டாரில் ஏற்றிச் சென்று, பின்னர்ச் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தோம். ஊரின் எல்லையில் தார்ச்சாலை முடிகிறது. குன்றின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் நடைபாதை தொடங்குகிறது. ஒருவர் பின் ஒருவராகவே அதில் செல்ல இயலும்.

எங்கள் வண்டிகள் கடைகளில் மவுண்டன் பைக் என்று விற்கப்படுபவை. இரண்டு அங்குலத்துக்கும் மேலான அகலமுள்ள டயர்; முன் சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் வில்; ஏற்றத்திற்கு உதவும் பற்சக்கரங்கள். இவற்றினும் வேண்டுவது ஓட்டுவோனின் பொறுமை. இறக்கத்தில் இருக்கையை விட்டெழுந்து, இரு மிதிகளையும் சமமாக நிறுத்தி, முழங்காலையும் முழங்கையையும் சற்றே மடக்கி நிற்க வேண்டும். வளைவுக்குள் புகுந்தபின் பிரேக்கை அழுத்துதல் தவறு. புகுமுன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கண் சக்கரத்தை நோக்காது பத்தடி முன்னே செல்ல வேண்டும். இவ்வளவும் அமைந்துவிட்டால் வண்டி தானே வழியை அறிந்து செல்வது போலத் தோன்றும்.

பாதையோ அவ்வளவு மென்மையானது. கல்லில்லை, வேரில்லை, இறுகிய மஞ்சள் மண் மட்டுமே. இருபுறமும் கைர் மரங்கள் நின்றன. வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டி இம்மரத்தின் வைரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்று கூறியபோது பிள்ளைகள் வியந்தனர். இடையிடையே கயிறு திரிக்கப் பயன்படும் பாபர் புல் சரிவெங்கும் தொங்கியது. பாதை சற்றே இறங்கும்; ஓடையை நெருங்கும்போது சற்றே ஏறும்; மீண்டும் இறங்கும். மிதிக்காமலே நெடுந்தொலைவு சென்றோம்.

இம்மென்மை எங்ஙனம் வந்தது? சிவாலிக் குன்றுகள் தென்னாட்டு மலைகளைப் போலக் கரும்பாறையால் ஆனவை அல்ல. இமயம் உயர்ந்தெழுந்த காலத்தில் ஆறுகள் அரித்துக் கொணர்ந்த மணலும் களிமண்ணும் கூழாங்கற்களும் படிந்து, இறுகி, மேலெழுந்தவை. சிலவிடங்களில் விரலால் தேய்த்தாலே உதிர்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர் மழை. அதன் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அப்போது ‘சோ’ எனப்படும் உலர்ந்த மணலோடைகள் காட்டாறுகளாகின்றன. இத்தகைய மண்ணில் நேரே கீழிறங்கும் பாதை ஒரு மழைக்குத் தாங்காது. குன்றின் குறுக்கே செல்லும் பாதையே நிற்கும். பாதையின் சரிவு குன்றின் சரிவில் பாதிக்கு மேற்படலாகாது என்பதும், இடையிடையே ஏற்றம் அமைத்து நீரை வெளியேற்ற வேண்டும் என்பதும் இன்று மிதிவண்டிப் பாதை அமைப்போர் கொள்ளும் விதிகள். இவ்வூர் மக்களின் கால்கள் அவ்விதிகளைத் தாமே கண்டு இப்பாதையை வகுத்துள்ளன.

ஒரு வளைவில், குறுக்கே நேராக இறங்கும் தடமொன்றைக் கண்டோம். பிள்ளைகள் அதில் இறங்க விரும்பினர். அப்போது எருமைக்குப் புல் சுமந்து வந்த முதியவர் ஒருவர் சுமையை இறக்கிவைத்து எங்களைத் தடுத்தார். யாரோ சிலர் வண்டியில் இறங்கிய தடமாம் அது; மழையில் அரித்து முழங்காலளவு வாய்க்காலாகிவிட்டது. அவ்வழியே வந்த மணல் கீழேயுள்ள தம் கோதுமை வயலின் ஒரு மூலையை மூடிவிட்டது என்று அமைதியாகவே கூறினார். கல்லிட்டு அடைக்கத் தம்மால் இயலும் என்றும், எவரும் மீண்டும் அவ்வழி செல்லாதிருந்தால் போதும் என்றும் வேண்டினார். “சரி, பாபாஜி” என்று பிள்ளைகள் வண்டியைத் திருப்பினர். நாங்கள் எல்லோரும் சிறிது நேரம் கல் பொறுக்கிக் கொடுத்தோம்.

அவ்வூரார் மண்ணின் அருமை அறிந்தமைக்கு வரலாறு உண்டு. சண்டிகரின் சுக்னா ஏரி 1958-இல் அமைக்கப்பட்டது. முதல் முப்பது ஆண்டுகளிலேயே அது தன் கொள்ளளவில் பாதிக்கு மேல் இழந்தது. 1970களில் அதன் காரணத்தை ஆராய்ந்த மண் பாதுகாப்பு அறிஞர்கள், பி. ஆர். மிஸ்ரா தலைமையில், வண்டலின் தோற்றுவாயைத் தேடிச் சுகோமாஜ்ரிக் குன்றுகளை அடைந்தனர். மேய்ச்சலால் புல்லற்றுப்போன சரிவுகளே மண்ணை வாரி அனுப்பின. அறிஞர்கள் தடை விதிக்கவில்லை. ஊருக்குச் சிறு மண்ணணைகள் கட்டித் தந்தனர். அந்நீருக்கு ஈடாக ஊரார் குன்றில் மேய்ப்பதை நிறுத்த இசைந்தனர். நிலமற்ற குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்று முடிவானபின், காவலும் வேலியுமின்றிக் குன்று பசுமை பெற்றது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்தைப் பற்றிப் படித்த நமக்கு இது புதிய நெறியன்று.

ஆதலின் அங்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் சிலவற்றைக் கருத்திற் கொள்க. நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். தலைக்கவசமும் குடிநீரும் இன்றியமையாதவை. சுக்னா வனவிலங்குக் காப்பகத்துள் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் கூடாது. எதிரே சுமையோடு வருவோரைக் கண்டால் இறங்கி வழிவிடுக. மழை பெய்த பின், டயர் மண்ணில் பள்ளம் பதிக்குமாயின் அன்று திரும்பிவிடுக. அப்பள்ளமே அடுத்த மழைக்கு வாய்க்கால். குறுக்குவழி எவ்வளவு அழைப்பினும் பாதையை விட்டு இறங்கற்க. மாலைதோறும் நம் பிள்ளைகளோடு நாம் உலவும் ஏரியின் ஆழம் அக்குன்றுகளின் மண் அங்கேயே நிற்பதைப் பொறுத்துள்ளது.