அடியில் பஞ்சு உள்ள காளான்

ஜூலையில் பிடித்த கச்சான் காற்று ஓய்ந்து ஒக்டோபர் மழை இறங்கிவிட்டது. பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுகிற பக்கம், பைனஸ் காட்டில் காளான். தொப்பி உள்ளங்கை அகலம், கபில நிறம், மழை பட்டு ஒரே வழவழப்பு. ஒட்டிய ஊசியிலையைத் துடைத்தால் போகாது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். திருப்பினால் மடிப்புகள் இல்லை. மஞ்சள் பஞ்சு.

*

கொழுந்துச் சாக்கோடு போன பாட்டி நின்று பார்த்தார். "என்னா சேர், இதையா எடுக்குறீங்க? அடியில மடிப்பே இல்லியே. நாய்க்குடைக்குக்கூட இருக்குமே."

தோட்டத்தில் காளான் என்றால் புத்துக் காளான்தான். கறையான் வளர்க்கிற அதன் கணக்கெல்லாம் பாட்டிக்கு அத்துப்படி: எந்தப் புற்று, எந்த மழை. (அந்தப் புற்றுக் காளான்களைப் பற்றிப் பேராதனையிலிருந்த பெட்ச் துரை 1906இலேயே எழுதிவிட்டார்.) பைனஸுக்கு அடியில் அந்தப் பாடம் உதவாது.

*

பஞ்சு என்பது நெருக்கி அடுக்கிய குழாய்கள். ஒவ்வொரு துளையும் ஒரு குழாயின் வாய். நகத்தால் நெம்பினால் அந்தப் படலம் தொப்பிச் சதையை விட்டுக் கழன்று வரும். பட்ட மரத்தில் தட்டுத் தட்டாக ஒட்டியிருக்கும் காளானுக்கும் அடியில் துளை உண்டு. ஆனால் அது விறைப்பு, கழலாது. மண்ணில் நின்று, சதை மெதுவாக இருந்து, குழாயும் கழன்றால் பொலீட் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கத்தி. சில பொலீட்டுகள் வெட்டிய இடத்தில் பார்த்திருக்கும்போதே நீலமாகும். சதையிலுள்ள வேரியகேட்டிக் அமிலம் போன்றவை காற்றுப் பட்டு ஒட்சியேற்றம் அடைவதுதான் அது. நீலம் என்றால் நஞ்சு என்று முடிவு கட்ட முடியாது. நீலமாகாதது நல்லது என்றும் சொல்ல முடியாது. இது நிறம் மாறவில்லை. காம்பில் வளையம் இல்லை, மேல்பாதியில் சின்னச் சின்னப் புள்ளிகள். தொப்பியை வெள்ளைத் தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடிவிட்டேன். காலையில் தாளில் கறுவாப்பட்டை நிறத் தூள்.

சுய்லஸ் பேரினம் என்று எழுதி நிறுத்துகிறேன். இனப்பெயருக்கு நுணுக்குக்காட்டி வேண்டும், பல வேளைகளில் மரபணுவும் வேண்டும். போனில் படம் பார்த்து முழுப்பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

*

தொப்பியைவிட மேலே நிற்கும் மரம்தான் அதிகம் சொல்கிறது. ஊசியிலை பெரும்பாலும் கட்டுக்கு மூன்று: கரீபியன் பைன். மத்திய அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வளர்கிற மரம். 1970களிலும் 80களிலும் மலையகத்துப் பத்தனாப் புல்வெளிகளிலும் கைவிட்ட தேயிலை மலைகளிலும் நட்டார்கள். இலங்கையில் இயற்கையான பைன் கிடையாது. வேரோடு கூடி வாழும் பூஞ்சை இல்லாத மண்ணில் பைன் கன்று மஞ்சளித்துக் குன்றிப்போகும். வெப்பமண்டல நாடுகள் பலவற்றில், பழைய பைன் காட்டு மண்ணை நாற்றுமேடையில் கலந்த பிறகுதான் கன்றுகள் தேறின. பூஞ்சை வேர்நுனியைப் போர்த்தி நீரும் பொஸ்பரசும் கொடுக்கும், மரம் சீனி கொடுக்கும். தேயிலை வேரிலும் பூஞ்சை உண்டு, ஆனால் அது காளான் விடாத வகை. தேயிலை மலைக்குள் இறங்கியதும் இந்தக் காளான் காணாமல் போவது அதனால்தான்.

*

ஐரோப்பியக் கையேட்டில் 'பாசி படர்ந்த ஊசியிலைக் காடு' என்று போட்டிருக்கிறது. இங்கே இரண்டும் ஒரே இடத்தில் அமைவதில்லை. பாசிக்கு அடிஷாம் பங்களாப் பக்கம் தங்கமலைக் காட்டுக்குப் போக வேண்டும். அங்கே அகலிலை மரங்கள். பைனஸ் தரையில் சருகு மெத்தைதான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

*

நம் தீவிலிருந்து பெயர் பெற்ற பொலீட் ஒன்றுக்கு ஊசியிலை மரமே தேவையில்லை. இலங்கையிலிருந்து போன பூஞ்சைகளை விவரித்த பெர்க்லியும் புரூமும் 1873இல் அதற்குப் பெயர் வைத்தபோது பொலீட்டஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். இன்று அது பிளெபோபஸ் போர்டென்டோசஸ். பெரிய கறுத்த காளான். வட தாய்லாந்தில் சந்தையில் விற்பார்கள். மரத்தின் துணையில்லாமலே வளர்வதால் அங்கும் சீனாவின் யுன்னானிலும் பயிர் செய்கிறார்கள்.

*

சாப்பிடலாமா? சிலியில் பைன் தோட்டத்துச் சுய்லஸைக் காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். அது அவர்கள் பழகிய இனம். இங்கே அந்தப் பழக்கம் இல்லை, ஆகவே சட்டிக்குப் போகாது. லயத்தில் சொல்கிற வெள்ளிக்காசுச் சோதனையும், பூச்சி தின்றால் மனிதனும் தின்னலாம் என்ற பேச்சும் ஒன்றுக்கும் உதவாது. ஆளைக் கொல்லும் அமனிட்டா வெள்ளியைக் கறுக்க வைக்காது, புழு அதையும் துளைக்கும்.

*

அடுத்த மழைக்கு: சொப்பிங் பேக் வேண்டாம், வேர்த்து அழுகிவிடும், கடதாசியில் சுற்ற வேண்டும். காம்பை ஒடிக்காமல் அடியோடு தோண்ட வேண்டும். யூகலிப்டஸ் வேரிலும் இப்படிக் கூடி வாழும் பூஞ்சைகள் உண்டு. ஃபேக்டரி விறகுக்கு நட்ட அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.